வாலை வைக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

காய்ச்சி வடிக்கும் கருவியை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பும் வாசகர்களிடமிருந்து தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவர்களில் பெரும்பாலானோர் வாசனை நீர், தாவர எண்ணெய், தூய நீர் ஆகியவற்றை வடிக்க ஆசைப்படுகிறவர்கள். ஒன்றுபோல் அமைந்த கேள்விகளைச் சேர்த்து, இந்த இதழ்ப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: "காய்ச்சி வடிக்கும் கருவி" என்று ஒவ்வொரு முறையும் சொல்ல நீளமாக இருக்கிறது. தமிழில் இதற்கு ஒரு சொல் கிடையாதா? அதில் அவசியம் இருக்க வேண்டிய உறுப்புகள் எவை?

பதில்: சொல் இருக்கிறது, நாம்தான் அதைப் புழக்கத்திலிருந்து நழுவ விட்டுவிட்டோம். சித்த மருத்துவத்தில் இக்கருவிக்கு வாலை என்றும், அதில் வடித்தெடுக்கும் நீருக்குத் தீநீர் என்றும் பெயர். இனி நானும் வாலை என்றே எழுதுகிறேன். நீர் கொதிக்கும் கொதிகலன், அதன் வாயை மூடி ஆவியை ஒரு பக்கமாகத் திருப்பும் தலை, அந்த ஆவியை மறுபடி நீர்மமாக்கும் குளிர்விப்பான், வடிந்து வருவதைப் பிடிக்கும் ஏந்துகலம் ஆகிய நான்கும் இருந்தால் அது வாலை. எகிப்தைச் சேர்ந்த சோசிமோஸ் கி.பி. 300 வாக்கில் எழுதிய குறிப்புகளில், மரியா என்ற பெண் ரசவாதி சொன்னதாக மூன்று மூக்குகள் கொண்ட ஒரு வாலை இடம்பெறுகிறது. அதற்குப் பிறகு வடிவங்கள் எத்தனையோ வந்தாலும் அடிப்படை மாறவில்லை. புதிதாகச் செய்கிறவர்கள் கொதிகலனைத் தேர்ந்தெடுப்பதில் நாள்கணக்காக யோசிக்கிறார்கள். குளிர்விப்பானை மட்டும் கடைசியில் கையில் கிடைத்த குழாயைச் சுருட்டி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் ஒரு வாலை எவ்வளவு வடிக்கும் என்பதை முடிவு செய்வது குளிர்விப்பானே. இதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கேள்வி: என்னிடம் ஒரு பழைய அலுமினியப் பிரஷர் குக்கர் இருக்கிறது. வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த மூக்கில் ரப்பர் குழாயைச் செருகினால் கொதிகலனும் தலையும் ஒரே செலவில் கிடைத்துவிடும் அல்லவா?

பதில்: கிடைக்கும், ஆனால் நான் அதைச் செய்ய மாட்டேன். நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு, சாதாரணக் காற்றழுத்தத்தில், ஏறத்தாழ 1,600 மடங்குக்கு மேல் பெருகுகிறது. அந்த ஆவி முழுவதும் குக்கர் மூக்கின் சில மில்லிமீட்டர் துளை வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். நீங்கள் உள்ளே போட்ட இலையோ இதழோ ஒன்று மேலே எழும்பி அந்தத் துளையில் ஒட்டிக்கொண்டால், வாலை அந்தக் கணமே குண்டாக மாறத் தொடங்குகிறது. பாதுகாப்பு வால்வு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அது எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாகத் திறக்க வேண்டியது. அன்றாடம் நம்பி வேலை செய்ய வேண்டியது அன்று. இது தவிர, புளிப்புள்ள தாவரச் சாறுகள் அலுமினியத்தை அரிக்கும். சூடான ஆவி பட்ட ரப்பரின் வாடை, வடியும் நீரில் இறங்கினால் அதைப் போக்கவே முடியாது.

ஆழமாக யோசித்தால், குக்கர் மூடிக்கும் வாலை மூடிக்கும் இருக்க வேண்டிய குணங்கள் நேர் எதிரானவை. குக்கர் மூடி எதற்கும் அசையக் கூடாது. வாலை மூடியோ, உள்ளே அழுத்தம் சற்றே ஏறினாலும் தானாகத் தூக்கிக்கொண்டு ஆவியை விட்டுவிட வேண்டும். அதனால்தான் பழைய முறையில் வடிக்கிறவர்கள், தலை பொருந்தும் விளிம்பை மாவுப் பசையால் பூசி அடைப்பார்கள். சாதாரண நிலையில் அந்தப் பசை காய்ந்து ஆவி கசியாமல் காக்கும். அழுத்தம் கூடினால் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதுவே. அகன்ற வாயுள்ள ஓர் எவர்சில்வர் பாத்திரமும், அதன் மேல் கவிந்து உட்காரும் ஒரு மூடியும், இடையில் இந்தப் பசையும் போதும். கொதிகலனை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். பொங்கும் நுரைக்கு இடம் வேண்டும். கொதிகலனுக்கும் ஏந்துகலத்துக்கும் நடுவில் எந்த இடத்திலும் குழாய்த் திருகோ வால்வோ இருக்கக் கூடாது. குளிர்விப்பானின் நுனி ஏந்துகலத்தில் உள்ள நீருக்குள் மூழ்கியிருக்கவும் கூடாது. அடுப்பை அணைத்ததும் உள்ளிருக்கும் ஆவி சுருங்கும். அப்போது வடித்த நீரெல்லாம் அதே குழாய் வழியாகக் கொதிகலனுக்குள் திரும்ப உறிஞ்சப்படும். அரை நாள் உழைப்பு அரை நிமிடத்தில் திரும்பிப் போவதைப் பார்ப்பது வேடிக்கையாக இருக்காது.

கேள்வி: செம்பா, எவர்சில்வரா? இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைக்கலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பேச்சுத் தமிழில் ஈயம் என்ற ஒரே சொல், நஞ்சான காரீயத்தையும் தீங்கற்ற வெள்ளீயத்தையும் சேர்த்தே குறிக்கிறது. மின்னணு வேலைக்குப் பயன்படும் வழக்கமான பற்றுக்கம்பியில் 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் இருக்கும். அது 183 டிகிரி செல்சியஸில் உருகும். உருக்க எளிதாக இருப்பதால் கை தானாக அதைத்தான் தேடும். வாலையின் எந்த இணைப்பிலும் அது இருக்கக் கூடாது. வடித்த நீரில் உப்புகள் இல்லாததால் அது உலோகங்களைக் கரைத்துக்கொள்ளும் இயல்புடையது. தாவர அமிலமும் சேர்ந்தால் காரீயம் இன்னும் விரைவாக இறங்கும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெள்ளீயத்தோடு சிறிதளவு வெள்ளி சேர்ந்த, காரீயம் அற்ற பற்றுக்கம்பி கிடைக்கிறது; அதை உருக்க 220 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அவ்வளவுதான். பழைய மோட்டார் வாகனத்தின் ரேடியேட்டரைக் குளிர்விப்பானாக மாற்றும் யோசனையை ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அத்தகைய ரேடியேட்டர்கள் காரீயப் பற்றால் இணைக்கப்பட்டவை. திருட்டுச் சாராயம் குடித்தவர்களிடம் காரீய நஞ்சேற்றம் காணப்பட்டதற்கு இத்தகைய ரேடியேட்டர்கள் ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. அந்த யோசனையை அப்படியே கைவிடுங்கள். துத்தநாகம் பூசிய குழாய், கடைசல் பித்தளைத் துண்டுகள், பி.வி.சி. குழாய் ஆகியவையும் வேண்டாம்.

உலோகத்தைப் பொறுத்தவரை, செம்பு எவர்சில்வரைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பது உண்மையே. ஆனால் மெல்லிய சுவருள்ள குளிர்விப்பானில் அந்த வித்தியாசம் அப்படியே பிரதிபலிக்காது. வெப்பத்துக்குப் பெரிய தடை உலோகச் சுவரில் இல்லை, சுவரை ஒட்டி நகராமல் நிற்கும் நீர்ப்படலத்தில் இருக்கிறது. செம்பின் தனிச்சிறப்பு வேறு: சில தாவரங்களிலிருந்து எழும் துர்நாற்றக் கந்தகச் சேர்மங்களை அது தன் மேற்பரப்பில் பிடித்துக்கொள்கிறது. வாசனை நீர் வடிக்கிறவர்கள் ஆவிப்பாதையில் செம்பை விரும்புவதற்கு அதுவே காரணம். பேட்டரிக்கோ ஆய்வுக்கோ தூய நீர் வடிப்பதானால் எவர்சில்வர் அல்லது கண்ணாடியே நல்லது.

கேள்வி: 6 மில்லிமீட்டர் செம்புக் குழாயைச் சுருளாக்கி, 10 லிட்டர் வாளி நீரில் அமிழ்த்தி, 1,500 வாட் மின்அடுப்பில் நீர் வடித்தேன். முதல் அரை மணி நேரம் அருமையாக வந்தது. பிறகு வடிநீர் சூடாகி, குழாய் நுனியில் ஆவி பீறிட்டது. மூடியின் ஓரத்திலும் சீறல் சத்தம் கேட்டது. என்ன தவறு?

பதில்: தவறுகள் இரண்டு. இரண்டையும் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு கிலோ நீரை 100 டிகிரியில் ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஆவி மறுபடி நீராகும்போது, வாங்கிய அத்தனையையும் ஒரு காசு குறையாமல் திருப்பித் தருகிறது. உங்கள் வாளியில் இருந்த 10 லிட்டர் நீர், ஒரு லிட்டர் வடிவதற்குள் சுமார் 54 டிகிரி சூடேறிவிடும். தொடக்கத்தில் 25 டிகிரியில் இருந்திருந்தால், ஒரு லிட்டர் வடிந்தபோது 80 டிகிரியை எட்டியிருக்கும். 80 டிகிரி நீர், 100 டிகிரி ஆவியைக் குளிர்விக்கத் திணறும். உங்கள் அடுப்பு முழுத் திறனில், இழப்புகள் போக, மணிக்கு ஏறக்குறைய 2 லிட்டரை ஆவியாக்கும். எனவே முதல் லிட்டர் வடிவதற்கான நேரமும், நீங்கள் சொல்லும் அரை மணியும் ஒத்துப்போகின்றன. வாளியில் நீர் தேங்கியிருக்கக் கூடாது, ஓட வேண்டும். உள்ளே வரும் நீர் 30 டிகிரி சூடேறி வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் வடிப்பதற்கு 20 லிட்டர் குளிர்நீர் செலவாகும். வாளியின் அடியில் குளிர்நீரை விட்டு, மேல்விளிம்பில் சூடான நீர் வழிந்தோடும்படி அமையுங்கள். வழியும் நீரை வீணாக்க வேண்டாம். அடுத்த முறைக்கான கொதிகலனை அதைக் கொண்டே நிரப்பினால் அடுப்புச் செலவும் குறையும்.

அடுத்தது குழாயின் விட்டம். மணிக்கு 2 கிலோ ஆவி என்றால், விநாடிக்கு ஏறத்தாழ 0.93 லிட்டர் ஆவி குழாயில் நுழைகிறது. உள்விட்டம் 6 மில்லிமீட்டராக இருந்தால் அது விநாடிக்கு 33 மீட்டர் வேகத்தில் பாய வேண்டியிருக்கும்; அது புயல்காற்றின் வேகம். அந்த நெருக்கடியே பின்னுக்கு ஏறி, உங்கள் மூடியின் ஓரத்தில் சீறலாக வெளிப்பட்டது. உள்விட்டத்தை 12 மில்லிமீட்டராக ஆக்கினால் குறுக்குப்பரப்பு நான்கு மடங்காகி, வேகம் விநாடிக்கு 8 மீட்டருக்கு இறங்கிவிடும். ஆகவே, உங்கள் கொதிகலனில் ஒரு குறையும் இல்லை; வழியைத்தான் அகலப்படுத்த வேண்டும். புதிய குழாய் வாங்கும்வரை, அடுப்பை மூன்றில் ஒரு பங்குக்குத் தணித்து வைத்து வடியுங்கள்.

சுருளை வளைக்கும்போது ஓரிடத்தில்கூடக் குழாய் மேல்நோக்கி ஏறக் கூடாது. எங்காவது தொங்கல் விழுந்தால் அங்கே நீர் தேங்கி, ஆவி அதைத் தள்ளித் தள்ளி வெளியேற்றும். வடிநீர் திணறித் திணறி வரும். குழாயை வளைக்கும் முன் அதற்குள் நுண்மணலையோ உப்பையோ இறுக நிரப்பி இரு முனையையும் அடைத்துக்கொண்டால் மடியாது. முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட வேண்டும். சுருளுக்குப் பதிலாக, ஒரு குழாயைச் சுற்றி இன்னொரு குழாய் அமைத்து இடைவெளியில் நீரை ஓடவிடும் நேரான குளிர்விப்பானும் நல்லதே. அதற்கு லீபிக் குளிர்விப்பான் என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜெர்மானிய வேதியியலர் வைகல் அதே ஏற்பாட்டை 1771-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். லீபிக் அதைப் பரப்பினார், பெயரும் அவருக்கே போய்ச் சேர்ந்தது. எந்த வகையானாலும் குளிர்நீர் கீழ்முனையில் நுழைந்து மேல்முனையில் வெளியேற வேண்டும். அடுப்பை மூட்டும் முன்பே நீரோட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

கேள்வி: வெப்பமானி எதற்கு? நீர் கொதித்தால் 100 டிகிரிதானே?

பதில்: கடல் மட்டத்தில் 100, ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். நீரை மட்டும் வடிக்கிறவருக்கு வெப்பமானி கட்டாயம் இல்லை. வைப்பதானால் அதன் குமிழ் கொதிக்கும் நீருக்குள் இருக்கக் கூடாது. ஆவி தலையிலிருந்து பக்கவாட்டில் திரும்பும் வாய்க்கு நேராக இருக்க வேண்டும்.

கேள்வி: ஒரு கிலோ ரோஜா இதழ் வடித்தேன். வாசனை நீர் கிடைத்தது. எண்ணெய் மிதக்கவே இல்லை. இதழ்களை நீரில் போட்டுக் கொதிக்க வைத்தது தவறா?

பதில்: எண்ணெய் மிதக்காததில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று முதல் ஐந்து டன் இதழ்கள் வேண்டும். உங்கள் ஒரு கிலோவிலிருந்து முழுமையாக எடுத்தாலும் கால் கிராம் அளவே வரும். அதில் ஒரு பகுதி நீரிலேயே கரைந்துவிடும். எண்ணெயைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் யூகலிப்டஸ் இலையில் தொடங்குங்கள். அது தாராளமாகத் தரும்.

நீருக்கு மேல் தட்டில் வைத்து ஆவியில் வடிப்பதா, நீருக்குள்ளேயே போட்டு வடிப்பதா என்பது பொருளைப் பொறுத்தது. இலை, தண்டு, புல் ஆகியவற்றைக் கொதிநீருக்கு மேலே துளையிட்ட தட்டில் பரப்புவது நல்லது; அடியில் தீய்வதில்லை, நீண்ட நேரக் கொதிப்பில் மணப்பொருள்கள் சிதைவதும் குறைகிறது. மென்மையான ரோஜா இதழ்களோ ஆவி பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். ஆவி உள்ளே புகாமல் ஓரமாக ஓடிவிடும். அதனால் அவற்றை நீரில் மிதக்கவிட்டு வடிப்பதே வழக்கம். நீங்கள் செய்தது சரிதான்.

இந்த எண்ணெய்ப் பொருள்களில் பல தனியாகக் கொதிக்க 150 முதல் 250 டிகிரி வரை சூடு தேவைப்படுபவை. அவை நீரோடு சேர்ந்து 100 டிகிரிக்கும் சற்றுக் குறைவாகவே வடிந்துவிடுவது பலருக்கு வியப்பாக இருக்கும். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு நீர்மங்கள் ஒரே கலனில் இருந்தால், ஒவ்வொன்றும் தன் ஆவியழுத்தத்தைத் தனித்தனியாகவே செலுத்தும். கொதிப்பதற்கு இரண்டின் கூட்டுத்தொகை வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டினால் போதும். எண்ணெயின் பங்கு சிறியதுதான். ஆனால் அந்தச் சிறு பங்கு இருப்பதால் நீர் தனியே 100 டிகிரிவரை ஏற வேண்டிய தேவை இல்லாமல் போகிறது. வடித்த வாசனை நீர் கிருமியற்றது என்று எண்ணிவிட வேண்டாம்; கொதிக்கவைத்துக் கழுவிய கறுப்புக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். கலங்கினாலோ இழை படர்ந்தாலோ கொட்டிவிடுங்கள். பிரித்த எண்ணெயை உட்கொள்ளவோ, நேரடியாகத் தோலில் தடவவோ கூடாது.

கேள்வி: வாலையில் வடித்த நீர் நூறு சதவீதம் தூய்மையானதுதானே?

பதில்: உப்பும் உலோகமும் கிருமியும் கொதிகலனிலேயே தங்கிவிடும். ஆனால் நீரைவிட எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள், குளோரின் சேர்மங்கள் போன்றவை ஆவியோடு சேர்ந்தே வந்துவிடும். எனவே குளிர்விப்பானை இணைக்கும் முன், சில நிமிடங்கள் திறந்த மூடியுடன் நீரைக் கொதிக்கவிடுங்கள். முதலில் வடியும் பகுதியையும் ஒதுக்கிவிடுங்கள். வடித்த நீரைத் திறந்து வைத்தால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலத்தன்மை பெறும், கருவியில் பி.எச். அளவு 5.6-க்கு அருகில் காட்டினால் உங்கள் வாலையில் கோளாறு இல்லை.

கேள்வி: இதே வாலையில் சொந்த உபயோகத்துக்குச் சாராயம் வடித்தால் என்ன? முதலில் வரும் மெத்தனாலை ஊற்றிவிட்டால் மீதி பாதுகாப்பானது என்கிறார்களே?

பதில்: உரிமம் இன்றி மது வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம், விற்காவிட்டாலும் குற்றமே. நியூசிலாந்து 1996 முதல் சொந்தப் பயன்பாட்டுக்கு அதை அனுமதித்திருப்பது அரிய விதிவிலக்கு. சில நாடுகளில் வாலையை வைத்திருப்பதற்கே பதிவு தேவை. நீரும் எண்ணெயும் மட்டும் வடிக்கிறவர்கள்கூட முதலில் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்லும் "முதலில் ஊற்றிவிடுதல்" பாதி உண்மை என்பதால்தான் அதிகம் ஏமாற்றுகிறது. மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும் என்பது தனித்தனியாக இருக்கும்போது பொருந்தும் கணக்கு. நீரோடு கலந்துவிட்டால் அவை வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுவதில்லை. எல்லாம் சேர்ந்தே ஆவியாகும், விகிதம் மட்டுமே மாறும். எளிய வாலையில் மெத்தனால் முதல் துளியிலிருந்து கடைசிவரை சிறிது சிறிதாக வந்துகொண்டே இருக்கும். முதலில் ஒதுக்கும் பகுதியில் காரநெடியுள்ள வேறு சேர்மங்கள் அதிகமாகப் போகும் என்பதால் சுவை மேம்படும். அதை நஞ்சு நீங்கியதற்கான அடையாளமாக எண்ணிக்கொள்கிறார்கள். மெத்தனாலால் கூட்டமாக உயிர் போகும் நிகழ்வுகளில் பெரும்பாலும் தொழிற்சாலை மெத்தனால் கலக்கப்பட்டிருக்கும். அதை எத்தனை முறை மறுபடி வடித்தாலும் வீட்டு வாலையால் பிரிக்க முடியாது. 10 மில்லிலிட்டர் மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடியது.

தீயும் இருக்கிறது. 40 சதவீத எத்தனால் கலவை 26 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியை விடுகிறது, அந்த ஆவி காற்றைவிடக் கனமானதால் தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடிப் போகும். மேலே வாளி நீர் சூடேறி ஆவி பீறிட்டதாக எழுதிய வாசகருக்கு வெளியேறியது நீராவி. கை சுடாமல் தப்பினார். அதே கோளாறு எத்தனாலோடு நேர்ந்திருந்தால் அந்தக் கடிதம் வந்திருக்காது. இந்தப் பகுதியில் மது வடிக்கும் முறையை எழுதப் போவதில்லை.

கேள்வி: புதிய வாலையை நேராகப் பயன்படுத்தலாமா? கொதிகலனின் அடியில் வெள்ளையாகப் படிவதை எப்படி எடுப்பது?

பதில்: நேராக வேண்டாம். வினிகர் கலந்த நீரை ஒருமுறையும், வெறும் நீரை ஒருமுறையும் வடித்து, இரண்டையும் கொட்டிவிடுங்கள். பற்றவைத்த பசையும் எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடும். அந்த ஓட்டத்திலேயே இணைப்புகளுக்கு அருகில் ஒரு குளிர்ந்த கண்ணாடித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். பனி படர்ந்தால் அங்கே கசிவு இருக்கிறது. வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. சிட்ரிக் அமிலம் கரைத்த வெந்நீரை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிட்டால் தானாக இளகும். சுரண்ட வேண்டாம், சுரண்டிய கீறல்களில் அடுத்த படிவு இன்னும் இறுக்கமாக உட்காரும். செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு தெரிந்தால் அது முழுவதும் போகும்வரை அதில் எதையும் வடிக்காதீர்கள்.